ஒருவரின் பழி எல்லார் மேலும் விழலாமா?



மயிலாப்பூர் சாந்தோம் பேராலயத்தில் புனித தோமாவின் கல்லறை முன் மன்றாடும்போது, அவர் ஒரு யூதர் என்பதை நாம் நினைப்பதில்லை. நம் ஆண்டவரும் அன்னை மரியாவும்கூட யூத குலத்தவரே. நமது நகரத்துக்கும் யூதர்கள் புதியவர்கள் அல்லர். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தனர். மண்ணடியில் உள்ள பவளக்காரத் தெரு அவர்களது பவள வணிகத்தை நினைவூட்டுகிறது. ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் அவர்களது சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

அடையாறு, தி.நகர் பகுதிகளிலிருந்து பல பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் நடந்த போராட்டங்களை நாம் எப்படிப் புரிந்துகொள்வது?

நடந்தது என்ன?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரயேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காசாவில் நடந்த போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர் மாண்டனர். போரை நிறுத்தக் கோரி 2024 ஏப்ரலில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் கூடாரம் அமைத்தனர். போராட்டம் நாடெங்கும் பரவியது. அதில் யூத மாணவர்களும் பலர் கலந்துகொண்டனர்.

குழந்தைகள் சாவதைக் கண்டு குரல் எழுப்புவது குற்றமன்று. ஆனால் சில இடங்களில், இஸ்ரயேல் அரசின் செயலுக்கு உடன் படிக்கும் யூத மாணவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது யூத மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். யூத மாணவர் நுழைய முடியாத இடத்தைப் பல்கலைக்கழகம் மற்றவர்க்கு மட்டும் திறந்து வைக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி ஆணையிட்டார். அதே வளாகத்தில் போராட்டக் கூடாரங்களும் எதிர்த்தரப்பினரால் தாக்கப்பட்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2025 ஏப்ரலில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்று யூத மாணவர் பட்ட துன்பத்தைப் பற்றியது; மற்றொன்று முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர் பட்ட துன்பத்தைப் பற்றியது.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சமயம் என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் பொது மூதாதையரைக் கொண்ட இனம் என்ற அடிப்படையில் யூதரும் முஸ்லிம்களும் சீக்கியரும் அதன் பாதுகாப்பைப் பெறுகின்றனர்.

திருச்சபை கற்ற பாடம்

ஒருசிலரின் செயலுக்காக ஓர் இனம் முழுவதன் மேலும் பழி சுமத்தும் தவற்றைக் கிறிஸ்தவர்களாகிய நாமே பல நூற்றாண்டுகள் செய்தோம். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிவுபடுத்திய சொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல் நீக்கினார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே கற்பித்தது: இயேசுவின் பாடுகளுக்காக அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும், இன்று வாழும் யூதர் மேலும் பழி சுமத்த முடியாது. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து சாந்தோமில் செபித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதே ஆண்டு ஏப்ரல் 13இல் உரோமை யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குச் சென்று, அவர்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்தார்.

நம் வாசலில்

இது தொலைதூரத்துச் செய்தி மட்டுமன்று. 2019 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதியில் கேரளத்து முஸ்லிம் மாணவி ஒருவர் இறந்தார். சமயப் பாகுபாடே காரணம் என்று பெற்றோர் குற்றம் சாட்டினர், மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர், வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பது நம் வேலை அன்று. ஆனால் தன் பெயரே தனக்குச் சுமையாகிறது என்று ஒரு பிள்ளை அஞ்சினால், அதைக் கேட்கக் காது வேண்டும். எங்கோ குண்டு வெடித்தால் முஸ்லிம் மாணவனை முறைத்துப் பார்ப்பதும், சிலுவை அணிந்த பிள்ளையை அந்நியர் என்பதும், யூத மாணவனிடம் காசாவுக்குக் கணக்குக் கேட்பதும் ஒரே பாவம்தான்.

அரசுகளைத் தட்டிக் கேட்போம், அநீதியைக் கண்டிப்போம். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரை அவருடைய சமயத்துக்காகத் தண்டிக்க வேண்டாம். கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் இன்று இரவு உணவு வேளையில் கேட்போம்: "உன் வகுப்பில் தனியாக உட்காருவது யார்?"