பாலமும் அறிவிப்புப் பலகையும்

பாம்பன் கால்வாயைக் கடக்கும் கப்பலை நாம் கண்டிருக்கிறோம். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து உயர்ந்தால்தான் உயரமான கப்பல்கள் செல்ல இயன்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதுமே செங்குத்தாக மேலே எழும்புகிறது. பாலம் உயராவிட்டால் கப்பலுக்கு வழியில்லை. ஆனால் கரையில் ‘இங்கே படகு கட்டாதீர்’ என்று ஒரு பலகை நட்டால், அதை மதிப்பவர் மட்டுமே விலகிச் செல்வர். இணையதளங்களின் வாயிலில் இருப்பது பாலமா, பலகையா?

தேடுபொறி ஒவ்வொன்றும் ‘ரோபோ’ எனப்படும் நிரல்களை அனுப்பி, இணையப் பக்கங்களைப் படித்துப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலிலிருந்தே நமக்கு விடை தருகிறது. எனவே, எந்தத் தேடுபொறி நம் தளத்திற்கு ஆட்களை அனுப்பலாம் என முடிவு செய்ய விரும்புவோர், எந்த ரோபோ உள்ளே வரலாம் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

1993, 1994ஆம் ஆண்டுகளில் சில ரோபோக்கள் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டும், ஓயாமல் கோரிக்கைகளைப் பொழிந்தும் கணினிகளைத் திணறடித்தன. இதற்குத் தீர்வாக மார்ட்டின் கோஸ்டர் என்பவர் 1994இல் எளிய வழியொன்றை முன்மொழிந்தார். தளத்தின் தலைவாயிலில் ‘ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்’ என்ற சிறு கோப்பை வைப்பதே அவ்வழி. அதில் ‘யூசர்-ஏஜென்ட்’ என்ற வரி ரோபோவின் பெயரைக் கூறும். ‘டிஸ்அலவ்’ என்ற வரி அது நுழையக் கூடாத பகுதியைக் கூறும். பெயருக்குப் பதில் உடுக்குறி இட்டால், தனியே பெயர் குறிப்பிடப்படாத எல்லா ரோபோக்களுக்கும் அது பொருந்தும்.

இராமேஸ்வரத்தில் விடுதி நடத்தும் ஒருவர் இக்கோப்பை எழுதுவதாகக் கொள்வோம். உடுக்குறிக்குக் கீழே ‘டிஸ்அலவ்’ வரியை வெறுமையாக விட்டால், எதற்கும் தடையில்லை. அங்கே ஒரேயொரு சாய்கோடு இட்டுவிட்டாலோ, தளம் முழுவதும் மூடப்பட்டதாகிவிடும்! தை அமாவாசைக்கு அறை தேடும் யாத்திரிகர் கண்ணில் அவ்விடுதியின் பக்கங்கள் படாமற் போகலாம்.

அவ்வாறு மூடினாலும் மறைவு முழுமையாகாது. வேறு தளங்கள் நம் பக்கத்திற்கு இணைப்பு கொடுத்திருந்தால், அதன் முகவரி மட்டும் தேடுபொறியில் தோன்றக்கூடும். அதையும் நீக்க, பக்கத்திலேயே ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறிப்பு வேண்டும். ரோபோ உள்ளே வந்து படித்தால்தான் அக்குறிப்பை அறியும் என்பது இதிலுள்ள விந்தை!

ஏறத்தாழ 28 ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே இருந்த இம்முறை, 2022 செப்டம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வெளியாயிற்று. இவ்விதிகள் நுழைவு அனுமதி முறை ஆகா என்று அந்த ஆவணமே கூறுகிறது. 2023இல் ஓபன்ஏஐ நிறுவனம் தன் ரோபோவின் பெயரை வெளியிட்டு, வேண்டாதவர் தடுத்துக்கொள்ளலாம் என்றது. எனினும் 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன் செய்திகள் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாகக் கூறி, அந்நிறுவனத்தின்மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

ஆகவே இது பாலமன்று, பலகையே. அதுவும் எவரும் படிக்கக்கூடிய பலகை. விருந்தினரின் அடையாள அட்டைப் படங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்து வைத்தால், கள்வனுக்கு நாமே வழி காட்டியவர்களாவோம். அத்தகையவற்றிற்குக் கடவுச்சொல் என்னும் பூட்டே தேவை. நல்லவரை வழிநடத்தப் பலகை போதும். மற்றவரைத் தடுக்கப் பூட்டு வேண்டும்.