ரோரி கேலகரின் சத்தத்தைத் தேடி...

இறந்துபோன ஒரு கிட்டார் கலைஞரின் மேடைச் சத்தத்தை இன்னொருவர் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியுமா? 'ட்ரிப்யூட் பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளும் குழுக்கள் இதைத்தான் முயற்சி செய்கின்றன. எனக்கு இது வெறும் காப்பியடிக்கும் வேலை என்றுதான் ரொம்ப நாளாக எண்ணம். ரோரி கேலகரைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரோரி 1948-ல் அயர்லாந்தின் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்து, கார்க் நகரில் வளர்ந்தவர். 1963-ல், பதினைந்து வயதில், கார்க்கில் ஒரு கடையில் 1961-ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரை வாங்கினார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் விலை கிட்டத்தட்ட 100 பவுண்டு! கடைசிவரை அதுதான் அவருடைய பிரதான கிட்டார். வியர்வை பட்டுப் பட்டு அதன் பெயின்ட் பெரும்பாலும் உரிந்து, உள்ளே இருக்கும் மரமே தெரியும்.

சரி, அந்தச் சத்தம் எப்படி வந்தது? ஆரம்ப காலத்தில் அவர் பயன்படுத்தியது வாக்ஸ் ஏசி30 என்ற 30 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதற்கு முன்னால் 'ரேஞ்ச்மாஸ்டர்' என்ற சின்னப் பெட்டி. ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட அந்தப் பெட்டி, கீச்சு சுரங்களைத் தூக்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளைத் திணறடிக்கும். அந்தத் திணறல்தான் கேட்பவர்களுக்குச் சுகமான கரகரப்பு. கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழைக் குறைத்தால் சத்தம் தெளிவாகிவிடும், கூட்டினால் உறுமும்.

பிறகு 'குயீன்' குழுவில் புகழ்பெற்ற பிரையன் மே, இளைஞராக இருந்தபோது ரோரியிடமே போய் இந்த ரகசியத்தைக் கேட்டார். ரோரியும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மே அதே மாதிரி சாமான்களை வாங்கினார். ஆனால் வந்தது ரோரியின் சத்தம் இல்லை, பிரையன் மேயின் சத்தம் :-) ஆக, சாமான்களை மட்டும் வாங்கினால் போதாது.

வேறு என்னதான் வேண்டும்? இதற்கு 1974-க்குப் போக வேண்டும். வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நேரம். பல ராக் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரோரி மட்டும் திரும்பத் திரும்பப் போனார். அந்த ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களிலும் வாசித்தார். அந்தப் பயணத்தில் பதிவானதுதான் 'ஐரிஷ் டூர் 74' ஆல்பம். நம்மைத் தேடி ஒருவன் வந்திருக்கிறானே என்ற சந்தோஷம் அந்த ஊர்க் கூட்டத்துக்கு எவ்வளவு இருந்திருக்கும்! கூட்டம் கொடுத்ததை அவரும் வாசிப்பில் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அந்த மேடைகளில் ரோரியின் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜெரி மெக்காவாய். அவர் பெல்ஃபாஸ்ட்காரர். 1971 முதல் 1991 வரை இருபது வருடம் கூடவே இருந்தவர். ரோரி 1995-ல், 47 வயதில், கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த தொற்றில் இறந்துபோனார். பல வருடங்கள் கழித்து மெக்காவாய், ரோரியின் பழைய டிரம்மர் டெட் மெக்கென்னாவையும் நெதர்லாந்தின் மார்செல் ஷெர்பென்ஸீலையும் சேர்த்துக்கொண்டு 'பேண்ட் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' குழுவைத் தொடங்கினார். மெக்கென்னா 2019-ல் காலமானார்.

ரோரியின் பாட்டுகளை மேடையில் ரோரியைப் போலவே வாசித்தால் அதுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் ஒரு பாட்டை ஒரு ராத்திரி வாசித்த மாதிரி அடுத்த ராத்திரி வாசிக்க மாட்டார். சுரம் பிசகாமல் காப்பியடித்தால் அந்தப் பழக்கமே செத்துவிடும். பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியும். அதைப் புதியவர் ஒருவருக்குக் கடத்துவதுதான் உண்மையான அஞ்சலி.

அந்தப் பழைய கிட்டார் 2024-ல் லண்டனில் 8 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகச் சேர்ந்தது. மரம் பத்திரமாக இருக்கும், மகிழ்ச்சி. சத்தம் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், யாராவது ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கேட்டதில்லை என்றால் 'ஐரிஷ் டூர் 74'-இலிருந்து ஆரம்பியுங்கள். கேட்டுவிட்டு வந்து சண்டை போடலாம்!