மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தின் கொடை ஆவணங்கள்

நியூயார்க்கின் மெட்ரோபொலிடன் கலை அருங்காட்சியகம் 1870இல் தொடங்கிய நாள் முதல் பணமாகவும் பொருளாகவும் பெற்ற கொடைகள் பற்றிய பதிவுகள் இவை. சந்தாக் கணக்குகள், அறங்காவலர் கூட்டக் குறிப்புகள், உயில் நகல்கள், கொடையாளர்களுடனான கடிதங்கள் எல்லாம் இதில் அடக்கம். அருங்காட்சியகத்தின் சொந்த ஆவணக் காப்பகமே இவற்றைப் பேணிவருகிறது.

பார்வையாளர் கண்ணில் படுவது இந்தக் கோப்புகளின் கடைசி வரி மட்டும்தான். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத்திருமேனியான நின்ற கோலப் பார்வதி அங்கே இருக்கிறாள். அவளுடைய விவரச்சீட்டில் ‘கோரா டிம்கன் பர்னெட்டின் உயில் கொடை, 1956’ என்றும், 57.51.3 என்ற எண்ணும் காணப்படும். நம் கோயில் குத்துவிளக்கில் ‘உபயம்’ என்று பொறிப்பதற்கு இணையானது முதல் வரி. எண்ணையும் எளிதில் பிரித்துப் படிக்கலாம்: 1957ஆம் ஆண்டு, அவ்வாண்டின் 51ஆவது வரவு, அந்த வரவில் மூன்றாம் பொருள். உயில் ஓர் ஆண்டில், பதிவேட்டில் ஏறியது அடுத்த ஆண்டில். பர்னெட் அம்மையார் உருளைத் தாங்கி செய்து செல்வம் சேர்த்த டிம்கன் குடும்பத்துப் பெண். அவர் பெயர் அந்தச் சீட்டில் என்றும் இருக்கும். சிலை நின்ற ஊருக்கு அந்த வரியில் இடம் இல்லை.

தொடக்கத்தில் அருங்காட்சியகத்திடம் கட்டடமும் இல்லை, கலைப்பொருளும் இல்லை. இருந்தது ஒரு சந்தாப் பட்டியல்தான். 2,50,000 டாலர் திரட்டத் திட்டமிட்டு, முதல் ஓராண்டில் 1,06,000 டாலர் அளவுக்கே சேர்த்தார்கள். கொடுத்த தொகைக்கு ஏற்பப் பட்டமும் உண்டு. ஒரே தவணையில் 1,000 டாலர் கொடுத்தவர் புரவலர். 500 கொடுத்தவர் தனக்குப் பின் வாரிசை நியமித்துக்கொள்ளலாம். 200 கொடுத்தவருக்கு ஆயுள் வரை உரிமை. அருங்காட்சியகங்கள் இன்று நடத்தும் உறுப்பினர் திட்டங்களின் சட்டகம் அப்போதே இருந்திருக்கிறது. பொருளாக வந்த முதல் கொடை, துருக்கியின் தார்சூஸ் பகுதியிலிருந்து அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அலுவலர் அனுப்பிய ரோமானியக் கல் சவப்பெட்டி. அதன் எண் 70.1.

1878இல் நகராட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி கட்டடம் நகரத்துக்குச் சொந்தம், சேகரிப்பு அறங்காவலர்களுக்குச் சொந்தம். ஆகவே அறங்காவலர்கள் பொதுமக்கள், கொடையாளர்கள் என்று இரண்டு எசமானர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உழைக்கும் மக்கள் வந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்க வேண்டும் என்று பொதுமக்கள் மனுக் கொடுத்தார்கள். ஓய்வுநாளின் புனிதம் கெடும் என்று பக்திமிக்க கொடையாளர்கள் முகம் சுளித்தார்கள். 1891இல் கதவு திறந்தது. அதன் விலையாக 50,000 டாலர் உயில் கொடை ஒன்று கைநழுவிப் போனது.

நிலைமையைத் தலைகீழாக மாற்றியவர் யாரும் எதிர்பாராத ஒருவர். நியூஜெர்சியின் பேட்டர்சனில் ரயில் எஞ்சின் தொழிற்சாலை வைத்திருந்த ஜேக்கப் ராஜர்ஸ், ஆண்டுக்கு 10 டாலர் சந்தா கட்டும் உறுப்பினர். சந்தாவை நேரிலேயே வந்து கட்டுவார். விருந்து வைத்து அழைக்க வேண்டிய ஆள் என்று அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1901இல் அவர் இறந்து உயிலைப் பிரித்தபோது, ஏறத்தாழ 50 லட்சம் டாலர் சொத்து அருங்காட்சியகத்துக்கு எழுதியிருந்தது. முதலைத் தொடக்கூடாது; வரும்படியில் கலைப்பொருளும் நூலகத்துக்குப் புத்தகமும் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. கோயில் கட்டளைகளை அறிந்த நமக்கு இது புதிதல்ல. அதுவரை கொடையாளர் தருவதை வாங்கி வைத்த அருங்காட்சியகம், அதற்குப் பிறகு தனக்கு வேண்டியதைத் தேடி வாங்கத் தொடங்கியது. வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்திருந்த போஸ்கோரேயாலே மாளிகையின் சுவரோவியங்கள் 1903இல் ராஜர்ஸ் நிதியில் வாங்கப்பட்டவை. அந்தப் பெயர் இன்றும் பல்லாயிரம் பொருள்களின் சீட்டில் இருக்கிறது. பத்து டாலர் ரசீதுக்கு இப்படி ஒரு பின்கதை அமைவது கோடியில் ஒன்று.

பெரும் சேகரிப்பாளர்கள் பணத்தோடு நிபந்தனையும் கொண்டுவந்தார்கள். 1913இல் இறந்த பெஞ்சமின் ஆல்ட்மன், தன் பொருள்கள் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். ராபர்ட் லேமனின் சேகரிப்புக்கு 1975இல் தனிப் பகுதியே கட்டித் திறந்தார்கள். அவர் வீட்டு அறைகளைப் போலவே சில அறைகளை அமைத்தார்கள். 1917இல் அமெரிக்க வருமான வரிச் சட்டம் அறக்கொடைகளுக்குக் கழிவு அளித்ததிலிருந்து கொடைப் பேச்சுக்குள் வரிக் கணக்கும் நுழைந்துகொண்டது. நிதி திரட்டும் விருந்துகளில் பேர்பெற்றது 1948இல் ஆடைக்கலைப் பிரிவுக்காக 50 டாலர் சீட்டோடு தொடங்கியது. இன்று அதை ‘மெட் காலா’ என்று உலகமே அறியும். நுழைவாயில் மண்டபத்தின் பெரிய பூ அலங்காரத்துக்கும் ஒரு கட்டளை உண்டு: ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழை நிறுவியவர்களில் ஒருவரான லைலா வாலஸ் ஏற்படுத்தியது.

உயிலில் உள்ள ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை 1972 காட்டியது. அடிலெய்ட் டி குரூட் என்பவர் விட்டுச்சென்ற ஓவியங்களில் சிலவற்றை அருங்காட்சியகம் விற்றுவிட்டது; வான் கோவின் படமும் ஆன்ரி ரூசோவின் படமும் அவற்றில் அடங்கும். வேண்டாதவற்றை வேறு அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார் அந்த அம்மையார். ஆனால் அது விருப்பமாக எழுதப்பட்டிருந்தது, கட்டாய நிபந்தனையாக அல்ல. சட்டப்படி தவறில்லை என்ற வாதம் ஒருபுறம். இறந்தவர் சொல்லை மதிக்கவில்லை என்ற நாளிதழ்களின் கண்டனம் மறுபுறம். நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி விசாரித்தார். 1973இல் விற்பனைக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. சட்டம் அருங்காட்சியகத்தின் பக்கம் இருந்திருக்கலாம். அந்த உயிலைப் படிப்பவர் மனம் அங்கே நிற்காது.

பெயரே சுமையானது சாக்லர் குடும்பத்தின் கதை. எகிப்து அமெரிக்காவுக்குக் கொடுத்த தெந்தூர் கோயில் 1978 முதல் நிற்கும் பகுதி அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. மூன்று சாக்லர் சகோதரர்களில் இருவரின் குடும்பங்களுக்குச் சொந்தமான பர்டூ மருந்து நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் வலிமாத்திரை, பலரை அடிமையாக்கிய குற்றச்சாட்டுக்கு ஆளானது. 2018 மார்ச்சில் ஒளிப்படக் கலைஞர் நான் கோல்டினும் தோழர்களும் கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீரில் மாத்திரைக் குப்பிகளை வீசினார்கள். 2019இல் அக்குடும்பத்தின் புதிய கொடைகளை ஏற்பதில்லை என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது. 2021 டிசம்பரில் சுவரிலிருந்து பெயர் இறங்கியது.

பெயரைப் போலவே பொருளும் வெளியேறுவதுண்டு. 2023 மார்ச்சில் 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அருங்காட்சியகம் அறிவித்தது. அத்தனையும் ஒரு கட்டத்தில் சுபாஷ் கபூர் என்ற வணிகரின் கை வழியாக விற்கப்பட்டவை. உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் சிலைக் கடத்தல் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது இவருக்குத்தான்.