இசைத்தட்டும் கேள்வி ஞானமும்

ரெக்கார்டு ப்ளேயர் ஒன்றை வயரில்லாத ஸ்பீக்கர்களோடு இணைக்க முயன்ற ஒரு மாலையில், பல வருஷங்களாக நான் சொல்லிவந்த அபிப்பிராயம் ஒன்று ஆட்டம் கண்டது. பழைய தட்டுகளில் கேட்கும் நம் பாடகர்களின் குரலில் கனம் இல்லை, மேல் ஸ்தாயியில் கத்தியே பிழைத்தவர்கள் அவர்கள் என்பது அந்த அபிப்பிராயம். நண்பர்களிடம் இதை அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது அற்பமான விஷயம். ஒலியை ப்ளூடூத் வழியாக அனுப்பும் சிறு பெட்டியை ப்ளேயரின் பின்னால் செருகினேன். ஸ்பீக்கர்கள் அறையின் மறுகோடியில். வீணை எல்.பி. ஒன்றை வைத்தேன். மந்தர ஸ்தாயி இருக்க வேண்டிய இடத்தில் கொசு பாடிற்று. தட்டு தேய்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, வாசித்தவரின் நாதமே அவ்வளவுதான் என்றும் தீர்மானித்தேன். கடைசியில் ப்ளேயரின் பின்புறம் 'போனோ', 'லைன்' என்று எழுதிய ஒரு ஸ்விட்ச் கண்ணில் பட்டது. அதைத் தள்ளியதும் வீணை வந்து உட்கார்ந்தது.

முள் பள்ளத்தில் அதிர்ந்து எழுப்பும் மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட். மற்றக் கருவிகள் எதிர்பார்ப்பது இதைப்போல் அறுபது மடங்குக்கு மேல். எனவே அதைப் பெருக்க வேண்டும். பெருக்கினால் மட்டும் போதாது. தாழ்ந்த ஸ்வரங்களை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து அடுத்த பள்ளத்தில் போய் விழும். அதனால் வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். தட்டின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக உச்ச ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. கேட்கும் இடத்தில் இதைத் தலைகீழாகத் திருப்பினால்தான் இசை கிடைக்கும். இந்தக் கணக்கை அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கம் 1954இல் வகுத்தது; மற்ற நாட்டுக் கம்பெனிகளும் மெல்ல ஏற்றுக்கொண்டன.

நம் ஓலைச்சுவடிகளும் இப்படித்தான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமல் எழுதினார்கள். படிக்கிறவன் புள்ளியை வைத்துக்கொண்டான். தட்டும் தன் பொருள் தாங்காததை விட்டுவிட்டு எழுதப்பட்ட ஒரு பிரதி. எது விடப்பட்டது என்று தெரிந்தவனுக்கே அது வாய் திறக்கும்.

என் அபிப்பிராயம் உடைந்த இடம் இதுதான். 1954க்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கூட்டிக் குறைத்தது. 1925இல் மின்சார ரெக்கார்டிங் வருவதற்கு முன், புனலுக்கு எதிரே நின்று பாடிய காலத்தில், கணக்கென்றே ஒன்று கிடையாது. புனல் விழுங்கியது போக மிச்சம்தான் தட்டில். வேகமும் நிச்சயமில்லை. 78 என்று நாம் பொதுவாகச் சொல்லும் தட்டுகளில் பல அந்த வேகத்தில் பதிவானவையே அல்ல. நிமிஷத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் ஸ்ருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். தட்டை மட்டும் சாட்சியாக வைத்து 'அந்தக் காலத்தில் ஐந்தரைக் கட்டை' என்று மார்தட்டுகிறவர்களும், கத்தினார்கள் என்று இளக்காரம் செய்த நானும், ஒரு மோட்டாரின் வேகத்தைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கக்கூடும்.

1902இல் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க்கின் புனலுக்கு முன்னால் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில், ஹானோவர் தொழிற்சாலையில் தட்டு அடிப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டும். நடுவில் ஒருவன் இருக்கிறான் என்று பாடியவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. கேட்கிற நாம்தான் மறந்துவிட்டோம்.

மறக்காத காதும் உண்டு. ராவெலின் சீடரான மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர், 1910களில் இந்தியா வந்து போன பின், கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்றை ஆதாரமாக வைத்து 'ராகமாலிகா' எழுதினார். தாள வாத்தியத்தின் சப்தம் வேண்டும் என்று பியானோவின் தந்தியில் அட்டையைச் செருகி அமுக்கினார். அதே புனல் காலத்துத் தட்டுதான் அவர் கேட்டதும். அதில் கனமில்லை என்று நான் தள்ளியிருப்பேன். அவர் இல்லாததைத் தன் வாத்தியத்தில் தேடினார்.

தட்டுப் பக்தர்களான என் நண்பர்களுக்கு வயரை நீக்கியதே அபசாரம். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஒலியை நொடிக்கு 44,100 தடவை போல அளந்து எண்ணாக்கி, அதிலும் பெரும்பகுதியைக் கழித்துத்தான் ப்ளூடூத் அனுப்புகிறது. 1994இல் எரிக்ஸன் கம்பெனி தொடங்கி, 1998இல் ஒரு டேனிஷ் ராஜாவின் பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, சங்கீதத்துக்காகப் பிறந்ததும் அல்ல. ஆனால் எண் தீட்டு என்றால் அது தட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. எண்முறையில் பதிவான இசை ஜப்பானில் 1971இலேயே எல்.பி.யாக வெளிவந்திருக்கிறது. பரிசுத்தமான தட்டு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கே எவ்வளவு இழந்தோம் என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏடு பெயர்த்தவனின் பிழையைப் புலவன் தலையில் கட்டக் கூடாது என்று உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து நமக்குத் தெரியும். பாடபேதம் பார்க்காமல் பாட்டுக்குப் பொருள் சொல்கிறவனை நாம் மன்னிப்பதில்லை. சங்கீதத்தில் மட்டும் யாரோ ஒருவன் ஏதோ ஒரு வேகத்தில் ஓட்டிய தட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். கேள்வி ஞானம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம்.

இப்போது ப்ளேயரின் அருகில் குனிந்தால், முள்ளே சன்னமாகப் பாடுவது கேட்கிறது. கீழ் ஸ்வரம் இல்லாத, தட்டில் வெட்டியபடியே உள்ள குரல். ஒரு கணம் பிந்தி, மறுகோடியிலிருந்து அதே குரல் உடம்போடு வருகிறது. பழைய பாடகர்களைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அவர்கள் குரலில் கனம் இருந்தது என்று சொல்லவும் இன்று எனக்கு உரிமையில்லை. தட்டுத் தட்டாக வேகத்தையும் கோணலையும் கண்டுபிடித்த பிறகு பேசலாம்.