அமெரிக்காவிலும் ஒரு மெட்ராஸ், ஒரு சேலம்... எங்கே இருக்கு தெரியுமா?

1996-ல் மெட்ராஸ், சென்னை ஆனது. ஆனா அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மெட்ராஸ் என்ற ஊர் இன்றும் இருக்கு!

பெயர் எப்படி வந்தது?
நம்மூரிலிருந்து கடல் கடந்து போன 'மெட்ராஸ்' பருத்தித் துணியின் பெயரையே ஊருக்கு வைத்ததாகச் சொல்லப்படுகிறது. 2017 ஆகஸ்ட் 21-ல் முழு சூரிய கிரகணம் பார்க்க இந்த ஊரில் பெரும் கூட்டம் திரண்டது.

அப்போ சேலம்?
அதே ஒரேகானின் தலைநகர்தான் சேலம். அது பைபிளில் வரும் பெயர். நம்ம சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டிக்கெட் போடும்போது கவனம்!
ஊர் பெயரை மட்டும் பார்க்காதீங்க. விமான நிலையக் குறியீடு நம்ம சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி, ஒரேகான் சேலத்துக்கு எஸ்எல்இ. பெயர் மாறினாலும் சென்னையின் குறியீடு இன்னும் எம்ஏஏதான்.