மேடையில் மறைந்த வள்ளி

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா சங்கரன்கோவிலாருக்கு அண்டை ஊர்க்காரர். அவரோடு மேடையில் எதிர்நின்று பாடிய கே.பி. சுந்தராம்பாளோ காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். இன்று அவ்வம்மையாரின் பெயரைச் சொன்னால் 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தின் முதுமகளே கண்முன் வருகிறாள். அவளுக்குப் பின்னே, இருபது வயதை எட்டும் பருவத்தில் வள்ளியாக நின்ற பெண் மறைந்துபோனாள்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகம் விந்தையான கலை. ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், பபூன் இன்னோரூர். ஒத்திகை என்பதே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம். அது ஒன்றே அவர்கள் சேர்ந்து நிற்கும் நிலம். வேடனாக வரும் முருகன் பாட்டில் வினா எழுப்ப, தினைப்புனம் காக்கும் வள்ளி அதே சூட்டில் விடை பாட வேண்டும். தர்க்கம் எனப்படும் இப்பகுதி எழுத்தில் அடங்காதது. கவி புனைவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது: சொல்லைத் தேடவோ அடித்துத் திருத்தவோ அங்கே நேரமில்லை. ஒலிபெருக்கியில்லாக் கொட்டகையில் கடைசியாகத் தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் தெளிவாக விழ வேண்டும். எட்டுக்கட்டைச் சாரீரம் அன்று ஆடம்பரமன்று, தொழிலின் தேவை.

அதே 1920களில் அமெரிக்காவில் பெஸ்ஸி ஸ்மித் (1894–1937) கூடாரங்களில் ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பெருங்கூட்டத்தைக் கட்டிவைத்தார். புளூஸ், ஜாஸ் பாடகியரும் பாடும்போதே பாட்டை மாற்றிப் புனைந்தவர்களே. இசை வேறு, இலக்கணம் வேறு. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது முறையாகாது. ஆனால் இசைத்தட்டு இருவருக்கும் ஒரே அளவைத்தான் கொடுத்தது: ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அல்லது சற்றே கூடுதல். பாட்டு அதில் பதிந்தது. விடியும்வரை நீண்ட தர்க்கம் எப்படிப் பதியும்?

1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார், அகவை இருபத்தேழு. இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்தினார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை எனத் துணிந்தார். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய் என்பதை ஊரெல்லாம் பேசியது. ஊதியத்தைப் பேசியவர்கள் இழப்பைப் பேசவில்லை. தர்க்கத்துக்கு இரு குரல் வேண்டும். ஒன்று போனபின் மற்றதன் வினாவும் விடையும் நின்றுபோயின. கச்சேரியும் திரையும் அவர் புகழை வளர்த்தன; வள்ளி மட்டும் திரும்பவில்லை.

பத்து வயதில் தந்தையின் தோளில் அமர்ந்து அந்த வள்ளியைக் கண்ட சிறுவன் இன்றிருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பான்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் இரவெல்லாம் நடக்கிறது. வள்ளி வேடம் புனையும் பெண் வேற்றூரிலிருந்து பொழுது சாயும் வேளையில் வந்திறங்கி, ஒத்திகையின்றியே மேடையேறுகிறார்.