மேற்சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும் கதிர்ப்படமும்: ஒரு வரலாற்று நோக்கு

1895இல் றொஞ்சன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று, கல்லையும் காட்டிற்று. சிறுநீரகத்தின் உட்குழியும், அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்கானும் மென்மையான இழையங்களாதலின் அக்கதிருக்குப் புலப்படாது நின்றன. அவற்றின் உட்சுவரிலே தோன்றும் புற்றுநோயின் நிலை பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

1906இல் ஜேர்மனியில் வோல்க்கரும் லிக்ரென்பேர்க்கும் சிறுநீர்ப்பை வழியே மெல்லிய குழாயொன்றை மேலே செலுத்தி, கூழ்ம வெள்ளிக் கரைசலை நிரப்பிப் படமெடுத்தனர். படம் கிடைத்தது, ஆனால், இம்முறையாற் சில நோயாளர் உயிரிழக்கவும் நேர்ந்தது. 1929இல் சுவிக் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர், நாளத்தில் ஏற்றினால் சிறுநீரகமே வெளியேற்றிப் படத்துக்குத் துலக்கந் தரும் அயடீன் சேர்மமொன்றைப் பேர்லினிலே பயன்படுத்திக் காட்டினார். புகழின் பெரும்பங்கு நெடுங்காலம் அவருக்கு இடமளித்த அதே லிக்ரென்பேர்க்கையே சென்றடைந்தது. மருத்துவ வரலாற்றில் இத்தகைய அநீதிகள் அரியனவல்ல.

பல பத்தாண்டுகள் ஆட்சி செலுத்திய இம்முறை குழாயின் உள்வெளியை மட்டுமே காட்டிற்று. மருந்து நிரம்பாத வெற்றிடம் தென்பட்டால் அது கட்டியா, உறைந்த குருதியா, சாதாரண படத்தில் மறைந்துவிடும் யூரிக் அமிலக் கல்லா எனத் துணிவது அரிதாயிருந்தது.

1971 ஒக்ரோபரிலே இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கருவி நோயாளி ஒருவரின் மூளையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடித்தது. இழையங்களின் அடர்த்தியைக் கணனியால் எண்ணாக்கும் இந்தச் சி.ரி. முறை உடல் முழுவதற்கும் விரிந்தபோது, கட்டியினும் கல் மிக அடர்ந்ததாகையால் அவ்வையம் தீர்ந்தது. அதனினும் முக்கியமானது, குழாய்ச் சுவரின் புறத்தே உள்ளவையும் தெளிவாகத் தெரிந்தமையாகும். புற்று தசைப்படையளவில் நின்றால் இரண்டாம் நிலை. அதைக் கடந்து சூழ்ந்த கொழுப்பையோ சிறுநீரக இழையத்தையோ ஊடுருவினால் மூன்றாம் நிலை. அயலுறுப்பைப் பற்றினால் நான்காம் நிலை. இப்பிற்பட்ட நிலைகளையே சி.ரி. ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறியும்.

ஆனால் தசையைத் தொடாத கட்டியையும் தசைக்குள் இறங்கிய கட்டியையும் அது வேறுபடுத்தமாட்டாது. அழற்சியால் கலங்கிய கொழுப்பும் புற்று ஊடுருவிய கொழுப்பும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். நிணநீர்க்கணுவைப் பருமனால் மட்டுமே மதிப்பதால், சிறு கணுவிற் பதுங்கிய புற்று தப்பிவிடும். உள்நோக்கி வழியே கிள்ளியெடுக்கும் துணுக்கும் பெரும்பாலும் மிகச் சிறிதாகையால், புற்று எவ்வளவு ஆழம் சென்றதென்று அதுவும் உறுதியாய்ச் சொல்லாது. எனவே சிறுநீரகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றுவதா, சிறுநீர்க்கானோடு சேர்த்து முழுவதையும் எடுப்பதா என்னும் முடிவை, ஒரே சிறுநீரகத்துடன் வாழ்பவர் விடயத்திலுங்கூட, மருத்துவர் இந்த அரைகுறைச் சான்றுகளைக் கொண்டே எடுக்கவேண்டியுள்ளது.